இன்சைட் அவுட் 2 முதல் படத்துக்கு ஈடாகுமா?

அம்மாப்பேட்டையிலிருந்து ஓர் அப்பா கேட்டிருக்கிறார்: "மகளுக்குப் பன்னிரண்டு முடியப்போகிறது, பையனுக்கு ஏழு. ‘இன்சைட் அவுட்’ முதல் படத்தை எத்தனை தடவை போட்டாலும் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இரண்டாம் பாகம் முதல் படத்தையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டது என்று ஆபீசில் சொல்கிறார்கள், வசூலும் அப்படித்தான் இருக்கிறது. நிஜமாகவே அப்படியா? இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்துக் காட்டலாமா?"

நேராகச் சொல்லிவிடுகிறேன். கதையாகப் பார்த்தால் ஈடாகாது. முதல் படம் ஒன்றரைப் படி மேலேதான் நிற்கிறது. ஆனால் உங்கள் மகளுக்கு இப்போது, இந்த வயதில், எது வேண்டும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைச் சொல்வேன். இது இரண்டும் ஒன்றோடு ஒன்று முட்டுவது மாதிரி தெரியும். முட்டாது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நீ யார் இதைச் சொல்ல என்றால், பதினோரு வருடம் சென்னையில் அனிமேஷன் கம்பெனிகளில் லைட்டிங் வேலை பார்த்தவன், இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டு மாடியில் சனி ஞாயிறு பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையிடம் பென்சிலைக் கொடுத்தாலும் இந்தப் படத்து ஆட்களில் ஒருவரையாவது வரைந்துவிடும், அதனால் வேண்டாம் என்றாலும் இரண்டு படமும் எனக்கு மனப்பாடம்.

பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. ரைலி என்று ஒரு சிறுமி, அவள் தலைக்குள்ளே ஒரு கட்டுப்பாட்டு அறை, அங்கே மகிழ்ச்சி (படத்தில் பெயர் ஜாய்), சோகம் (சேட்னஸ்), பயம், கோபம், அருவருப்பு என்று ஐந்து பேர் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். 2015-இல் வந்த முதல் படத்தில் அவளுக்குப் பதினொன்று, மினசோட்டாவை விட்டுக் குடும்பம் சான் பிரான்சிஸ்கோவுக்கு வீடு மாறுகிறது. 2024 ஜூனில் வந்த இரண்டாவதில் பதின்மூன்று, ஐஸ் ஹாக்கி முகாமுக்குப் போகிறாள், தலைக்குள்ளே பதற்றம், பொறாமை, சலிப்பு, கூச்சம் என்று நாலு பேர் புதிதாகப் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறார்கள். நமக்கு ஒன்பது வருடம், அவளுக்கு இரண்டே வருடம்.

முதல் படம் ஏன் அவ்வளவு நன்றாக வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இயக்குநர் பீட் டாக்டருக்கு ஒரு மகள், வாயாடியாக இருந்தவள் பதினோரு வயதில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள், இவள் தலைக்குள்ளே என்னதான் நடக்கிறது என்று அப்பாவுக்கு வந்த கேள்விதான் படம். ஆனால் ஆரம்பத்தில் மகிழ்ச்சியோடு கூடப் பயணம் போனது சோகம் கிடையாது, பயம். வருடக்கணக்கில் அப்படியே வேலை ஓடியிருக்கிறது, கதை மட்டும் உட்காரவே இல்லை. ஒருநாள் நடக்கப் போன டாக்டர், படம் தேறாது, வேலை போய்விடும் என்கிற அளவுக்கு யோசித்து, வேலை போனால் நாம் எதற்கு ஏங்குவோம் என்று பார்த்தால் கூட வேலை செய்த மனிதர்களுக்குத்தான் ஏங்குவோம் என்று பட்டிருக்கிறது. அவர்களோடுதானே சிரித்தோம், அழுதோம், சண்டை போட்டோம். மனிதரை மனிதரோடு ஒட்டவைப்பதில் சோகத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று பிடிபட்டதும் போய்ப் பயத்தை எடுத்துவிட்டுச் சோகத்தை வைத்தார்கள். அந்த ஒரு மாற்றத்தில்தான் படம் படமானது. ஜாய் முழுப்படமும் சேட்னஸை ஒரு வட்டம் போட்டு அதற்குள் நிற்க வைக்கப் பார்க்கிறாள், இவளால் என்ன உபயோகம் என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை, தெரிய வரும்போது படம் முடிந்துவிடுகிறது. கதைக்கு வேறு சதை எதுவும் ஒட்டவைக்கத் தேவைப்படவில்லை.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் மிச்சம் நிற்கிறதே, தமிழின் முதல் வண்ணப்படம் அந்த ஸ்டூடியோவினுடையது, 1956-இல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. ஆகவே வண்ணத்தைப் பற்றிப் பேச சேலத்துக்காரனுக்குப் பரம்பரை உரிமை உண்டு என்று வகுப்பில் அடித்துவிடுவேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: முதல் படத்தின் மொத்தக் கதையையும் இரண்டு கிரேயானால் வரைந்துவிடலாம். மஞ்சள், நீலம். ரைலியின் சந்தோஷமான நினைவு ஒவ்வொன்றும் ஒரு மஞ்சள் உருண்டை, அதை சேட்னஸ் தொட்டால் நீலமாகிறது, ஜாய் பதறுகிறாள். முடிவில் மஞ்சளும் நீலமும் கலந்த ஓர் உருண்டை உருண்டு வருகிறது. அவ்வளவுதான். பேச்சு புரியாத நாலு வயசுப் பிள்ளைக்கும் அது புரியும். இதில் வேடிக்கை என்னவென்றால் ஜாயின் தலைமுடி முதல் காட்சியிலிருந்தே நீலம்தான், நம் கண் முன்னாலேயே பதிலை ஒட்டிவைத்துவிட்டுக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அப்புறம் ஜாயின் உடம்பே ஒரு விளக்கு, பக்கத்தில் நிற்கிறவர்கள் மேல் அவள் வெளிச்சம் விழும், லைட்டிங் செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. அதே விளக்கை மறந்துபோன நினைவுகள் கொட்டிக் கிடக்கும் பள்ளத்தில், சுற்றிலும் சாம்பல் நிறமாக மங்கிக்கொண்டிருக்கும் உருண்டைகளுக்கு நடுவே உட்காரவைத்து அழவிட்டார்கள் பாருங்கள், அந்தக் காட்சியை நான் இன்றைக்கும் வகுப்பில் நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறேன்.

கேமராவும் அப்படித்தான். ரைலியின் வெளி உலகத்தில் கேமரா கையில் பிடித்தது மாதிரி லேசாக ஆடும், ஃபோகஸ் ஒரு நொடி தவறிப் பிறகு பிடிக்கும், தலைக்குள்ளே போனால் எல்லாம் தண்டவாளத்தில் போகிற மாதிரி சுத்தமாக நகரும். யாரும் கவனிக்கமாட்டார்கள், ஆனால் எது உள்ளே எது வெளியே என்று ஒரு தடவைகூட யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

சரி, இரண்டாவதுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம், தமிழ் வாத்தியாராக இருக்கும் என் நண்பன் டீக்கடையில் எடுத்துக்கொடுத்தது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு சொல்கிறார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. முதல் படத்து ஐந்து பேரும் கிட்டத்தட்ட அப்படியே இதில் உட்கார்ந்திருக்கிறார்கள்: உவகை, அழுகை, அச்சம், வெகுளி, இளிவரல். மருட்கை என்கிற வியப்பைக் காணோம். பால் எக்மன் என்கிற உளவியலாளர் அடிப்படை உணர்ச்சிகள் என்று வகுத்த ஆறில் வியப்பும் உண்டு, அவரிடம் படக்குழு ஆலோசனையும் கேட்டிருக்கிறது, ஆனால் வியப்பும் பயமும் திரையில் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்று வியப்பை விட்டுவிட்டார்கள். இப்போது பாருங்கள், அந்த எட்டுக்கு அப்பால் இன்னொரு முப்பத்திரண்டு பட்டியல் போடுகிறது தொல்காப்பியம். அதற்குள் பொறாமை இருக்கிறது, மடிமை இருக்கிறது, நாணுதல் இருக்கிறது, நடுக்கும் இருக்கிறது. பொறாமை, சலிப்பு, கூச்சம், பதற்றம்: இரண்டாம் பாகத்துக்கு வந்து இறங்கிய அதே நாலு பேர்.

இது வெறும் பொருத்தம் பார்க்கிற விளையாட்டாகவும் இருக்கலாம், ஆனால் எனக்கு இதில் ஒன்று பிடிபட்டது. பழைய ஐந்து பேரும் ஆளில்லாத காட்டில் தனியாக நின்றாலும் வருவார்கள். பாம்பைப் பார்த்தால் பயம், பாகற்காயைக் கடித்தால் அருவருப்பு. (அந்தப் படத்தில் ரைலி முகம் சுளிப்பது புரோக்கோலிக்கு. ஜப்பானில் பிள்ளைகளுக்குப் புரோக்கோலி பிடிக்கும் என்று அங்கே மட்டும் அதைப் பச்சைக் குடைமிளகாயாக மாற்றினார்கள். நம் ஊருக்கு மாற்றியிருந்தால் பாகற்காய்தான், சந்தேகமே வேண்டாம்.) புதிதாக வந்த நாலு பேருக்கும் எதிரில் இன்னொரு ஆள் வேண்டும். கூச்சப்பட யாராவது பார்க்க வேண்டும், பொறாமைப்பட யாரிடமாவது ஏதாவது இருக்க வேண்டும், ‘எனக்கு எதுவும் பெரிசில்லை’ என்று சோபாவில் சாய்ந்து சலித்துக்கொள்ளக்கூட அதைப் பார்த்து மதிக்க நாலு பேர் தேவை. பதின்மூன்று வயது என்றால் அதுதானே. எதிரில் இருக்கிறவர் கண்ணில் நான் எப்படித் தெரிகிறேன் என்கிற ஒரே கவலை. ஆக, அடுத்த படத்துக்கு எடுத்த கரு நல்ல கரு. முதல் படத்தையே திருப்பி அரைக்கிற கரு இல்லை.

பிரச்சினை கருவில் இல்லை, நடத்திய விதத்தில். முதல் படத்தில் ஜாயும் சேட்னஸும் கட்டுப்பாட்டு அறையை விட்டு வெளியே தூக்கி எறியப்பட்டு, தலைக்குள்ளே விதவிதமான இடங்களைச் சுற்றித் திரும்பி வருகிறார்கள். இரண்டாவதில்? ஐந்து பேரையும் பதற்றம் ஒரு ஜாடியில் அடைத்து வெளியே அனுப்புகிறது, தலைக்குள்ளே விதவிதமான இடங்களைச் சுற்றித் திரும்பி வருகிறார்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அதே இருபது கொண்டை ஊசி வளைவில் மறுபடியும் போகிற மாதிரி. காட்சி அழகுதான், ஆனால் பதினோராவது வளைவில் என்ன தெரியும் என்று நமக்குத் தெரியும். போகிற வழியில் வருகிற இடங்களும் பாதி ஆங்கிலச் சிலேடை. கிண்டலைக் குறிக்கும் ‘சர்காஸம்’ என்கிற ஆங்கிலச் சொல்லுக்குள் பிளவைக் குறிக்கும் ‘காஸம்’ என்கிற சொல்லை ஒளித்துவைத்து ஒரு பெரிய பள்ளத்தாக்கே வரைந்திருக்கிறார்கள், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அது வெறும் பள்ளம்தான். முதல் படத்தில் ரயில் எண்ணங்களை ஏற்றிக்கொண்டு போகும், அதற்கு ஆங்கிலச் சொற்றொடர் தெரியாவிட்டாலும் ரயில் ரயில்தானே.

ஆட்களும் கூடிப்போனார்கள். ஒன்பது பேரை வைத்துக்கொண்டு தொண்ணூற்றாறு நிமிடத்தில் எல்லோருக்கும் என்ன வேலை கொடுப்பது? கோபமும் அருவருப்பும் பயமும் கூட்டத்தில் கோவிந்தா போட்டுக்கொண்டு வருகிறார்கள். பொறாமை குட்டியாக, அழகாக இருக்கிறாள், எல்லாவற்றையும் வாயைப் பிளந்து பார்க்கிறாள், அத்தோடு சரி. முதல் படத்தின் உயிரே சேட்னஸ், அவளுக்கு இதில் ஒளிந்து மறைந்து அறைக்குள் போகிற வேலை மட்டும். கூச்சக்காரன் அவளுக்குச் சத்தமில்லாமல் உதவி செய்வது நல்ல தொடுதல், அதை இன்னும் கொஞ்சம் வளர்த்திருக்கலாம்.

அப்புறம் அந்த ‘நான் யார்’ என்கிற சமாச்சாரம். நினைவு உருண்டைகள் தண்ணீருக்குள் போய் நூல் நூலாக மேலே எழும்பி, எல்லா நூலும் சேர்ந்து பூ மாதிரி ஒன்று பூக்கிறது, அதுதான் ரைலி தன்னைப் பற்றி வைத்திருக்கிற நம்பிக்கை. பார்க்க அற்புதம், அந்தக் குளத்து வெளிச்சத்தை யார் செய்திருந்தாலும் கை கொடுக்க வேண்டும். ஆனால் மஞ்சளும் நீலமும் சொன்னதை இது சொல்லவில்லை. ஏழு வயதுப் பையனிடம் படம் முடிந்தபின் அது என்னடா என்று கேட்டேன், "விளக்குப் பூ" என்றான்.

அந்த ஏழு வயதுப் பையன் என் தம்பி மகன். அக்கா மகள் ஒருத்தி, பதின்மூன்று. கூட எங்கள் அம்மா. பள்ளிக்கூடம் திறந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேருமாகப் போனோம். தியேட்டர் பெயர் வேண்டாம். ஒன்றரை மணி நேரப் படம், அதில் இன்டர்வெல்லே கிடையாது, ஆனால் பாப்கார்ன் விற்க வேண்டுமே, நடுவில் ஒரு வசனத்தை வெட்டி லைட்டைப் போட்டார்கள். வசனம் பேசிக்கொண்டிருந்த வாய் திறந்தபடி நின்றது. மறுபடி ஆரம்பித்தபோது நாலைந்து வரி போய்விட்டிருந்தது, அக்கா மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன், பதினோரு வருடம் அனிமேஷனில் இருந்தவன் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்.

இப்போது பதற்றத்தைப் பற்றி. படத்தில் பெயர் ஆங்சைட்டி. ஆரஞ்சு நிறம், பிய்ந்த துடைப்பம் மாதிரி தலைமுடி, கண் ஒரு இடத்தில் நிற்காது. வில்லி இல்லை. வந்ததும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிற விதமே பிரமாதம்: கண்ணுக்குத் தெரிகிற ஆபத்திலிருந்து காப்பாற்றுவது பயத்தின் வேலை, கண்ணுக்குத் தெரியாததற்குத் திட்டம் போடுவது என் வேலை என்கிற மாதிரி சொல்கிறாள். தமிழில் நாம் இரண்டையும் ‘பயமா இருக்கு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இல்லாவிட்டால் ‘டென்ஷன்’, இல்லாவிட்டால் ‘வயித்தைக் கலக்குது’. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியதுதான் இந்தப் படத்தின் பெரிய காரியம். பதின்வயதுப் பெண்களைப் பற்றி எழுதுகிற உளவியலாளர் லிசா டாமூர் படத்துக்கு ஆலோசகர், அந்தக் கை தெரிகிறது. பதற்றம் கெட்டது, விரட்டு என்று படம் ஓர் இடத்திலும் சொல்லவில்லை, அளவு மீறினால் என்ன ஆகும் என்று மட்டும் காட்டுகிறது.

இரவில் ரைலி தூங்கவில்லை. தலைக்குள்ளே கற்பனைத் தொழிற்கூடத்தில் வரிசை வரிசையாக மேஜை போட்டு ஓவியர்களை உட்காரவைத்து, நாளைக்கு என்னென்ன கெடுதல் நடக்கலாம் என்று பதற்றம் வரையச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கோல் தவறினால்? அணியில் சேர்க்காவிட்டால்? எல்லோரும் சிரித்தால்? ஒவ்வொரு படமும் மேலே போகப் போக அவள் கட்டிலில் புரள்கிறாள். எங்கள் அம்மா ஆங்கிலம் ஒரு வார்த்தை புரியாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தக் காட்சி வந்ததும் சத்தமாகவே, "இது உங்க அக்காதான்டா, விடியக்காலை பஸ்ஸுக்கு ராத்திரி பூராப் பெட்டி கட்டுறவ" என்றார். முன் சீட்டில் யாரோ சிரித்தார்கள். அக்கா மகள் சிரிக்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. ரைலியின் இரண்டு தோழிகளும் வேறு பள்ளிக்குப் போகப்போவதை அவளிடம் மறைத்து, முகாமுக்குப் போகிற காரில் வைத்துத்தான் சொல்கிறார்கள். எங்கள் பெண்ணின் கூடவே ஒன்றாம் வகுப்பிலிருந்து உட்கார்ந்த இரண்டு பேர் அந்த ஜூனில்தான் நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் சேர்ந்திருந்தார்கள். மே மாதம் முழுக்க அவளிடம் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, எட்டாவது முடித்தால் ஹாஸ்டல், அங்கே விடியலில் எழுப்பி ஸ்டடி, டெஸ்ட், ரேங்க், அப்புறம் நீட். போகிற பிள்ளைக்கும் பதற்றம், இங்கேயே இருக்கிற பிள்ளைக்கு ‘நான் பின்தங்கிவிட்டேனோ’ என்று அதைவிடப் பதற்றம். ரைலி ராத்திரியில் கோச்சின் அறைக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து, தன்னைப் பற்றி நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறாளே, அந்த நோட்டு நம் ஊரில் மார்க் லிஸ்ட். ஹாக்கியைப் பார்த்தே இராத சேலத்துப் பிள்ளைக்கு ஒரு நொடி அந்நியமாகத் தெரியாத காட்சி அது.

கடைசிப் பத்து நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். விளையாட்டில் ஒரு சீனியர் பெண்ணின் கோல் கணக்கைத் தாண்ட வேண்டும் என்று வெறி பிடித்து ஆடி, சொந்தத் தோழியையே இடித்துத் தள்ளிவிட்டு, ஆட்டத்தில் தவறு செய்தவர்களை உட்காரவைக்கும் தண்டனைப் பெட்டியில் தனியாக உட்காருகிறாள் ரைலி. மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடிக்கிறது. உள்ளே பதற்றம் கட்டுப்பாட்டுப் பலகையைச் சுற்றிச் சுற்றி ஓடி, ஓட்டத்தில் உருவமே தெரியாமல் ஆரஞ்சுப் புயலாகிவிடுகிறது. ஜாய் அந்தப் புயலுக்குள் கையை விட்டு நுழைந்தால், நடுவில் பதற்றம் அசையாமல் நிற்கிறது, பலகையை இறுக்கிப் பிடித்தபடி, கண்ணில் ஒரு சொட்டு நீர். வெளியே அவ்வளவு வேகம், உள்ளே உறைந்துபோன ஒரு சின்ன உருவம். இந்த ஒரு படத்தை, அதாவது ஒரே ஒரு ஃப்ரேமை, முதல் பாகத்தில் எங்கேயும் நான் பார்க்கவில்லை. மூச்சடைப்பு வந்த யாரும் ‘இதுதான், இப்படித்தான்’ என்று விரலை நீட்டிக் காட்டலாம், வார்த்தையே வேண்டாம். அதற்கப்புறம் ரைலி உட்கார்ந்திருக்கிற பெஞ்சைத் தொட்டுப் பார்க்கிறாள், பனியில் சறுக்குகிற சத்தம் காதில் விழுகிறது, மூச்சு மெல்ல இறங்குகிறது. யாரும் பாடம் எடுக்கவில்லை, ஆனால் எப்படி இறங்கி வருவது என்று பிள்ளைகள் பார்த்துவிடுகிறார்கள்.

முதல் படத்தின் உச்சம் வீட்டுக்குத் திரும்பி வந்து அப்பா அம்மா மடியில் அழுவது. அதைப் பார்த்து அழுதவர்களில் பாதிப் பேர் பெற்றோர்கள்தான், கற்பனைத் தோழன் பிங் பாங் வண்டியிலிருந்து தானே குதித்துப் பின்தங்கிவிடுகிற இடத்தில் அழுததும் வளர்ந்தவர்கள்தான், நம்முடைய இழந்துபோன பிள்ளைப்பருவத்துக்காக நாம் அழுதோம். முதலாவது பெற்றவர்கள் பார்வையிலிருந்து எடுத்த படம் என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம். இரண்டாவதில் அப்பாவும் அம்மாவும் ஓரத்தில் நிற்கிறார்கள். ரைலிக்கு முக்கியமானவை எல்லாம் அவள் தலைக்குள்ளே தீவு தீவாக இருக்கும், அதில் நட்புத் தீவு பெரிதாக வளர்ந்து குடும்பத் தீவை மறைத்துக்கொண்டு நிற்கும், பார்த்தால் சிரிப்பு வரும், கொஞ்சம் வலிக்கவும் செய்யும். இது பிள்ளையின் பக்கத்திலிருந்து எடுத்த படம். இயக்குநரும் வேறு ஆள், கெல்சி மேன், அவருக்கு இதுதான் முதல் முழுநீளப் படம்.

வசூலை வைத்து முடிவு கட்டாதீர்கள். முதல் படம் சுமார் 86 கோடி டாலர், இரண்டாவது ஏறக்குறைய 170 கோடி, வந்த சமயத்தில் உலகிலேயே அதிகம் வசூலித்த அனிமேஷன் படம் அதுதான், அடுத்த வருடமே சீனாவின் ‘ந ஜா 2’ அதைத் தாண்டிவிட்டது. இரட்டிப்பு வசூல் என்றால் இரட்டிப்பு நல்ல படம் என்று ஆகுமா? முதல் படத்தைப் பிள்ளையாகப் பார்த்தவர்கள் ஒன்பது வருடத்தில் வளர்ந்து, தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், பாதிக் கணக்கு அங்கேயே இருக்கிறது. ஆஸ்கர் முதல் படத்துக்குக் கிடைத்தது. இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை, லாட்வியாவிலிருந்து வந்த ‘ஃப்ளோ’ தட்டிக்கொண்டு போனது, வசனமே இல்லாத ஒரு பூனைக் கதை, பிளெண்டர் என்கிற இலவச மென்பொருளில் செய்தது. என் மாடி வகுப்பில் பெரிய பிள்ளைகள் பழகுகிற அதே மென்பொருள். அன்றைக்கு வகுப்பில் நான் விட்ட அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை.

இரண்டாம் பாகம் முதலை மிஞ்சவே மிஞ்சாது என்று நான் சொல்லவில்லை. ‘டாய் ஸ்டோரி 2’ மிஞ்சியது. இத்தனைக்கும் 1999-இல் வந்த அந்தப் படம் முதலில் வீடியோ கேசட்டுக்காக ஆரம்பித்த வேலை, கடைசி ஒன்பது மாதத்தில் கிட்டத்தட்ட முழுவதையும் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினார்கள். முதல் பாகத்தில் பொம்மையின் கேள்வி ‘புதிதாக வந்தவன் என் இடத்தைப் பிடித்துவிடுவானோ’. இரண்டாவதில் ‘எப்படியும் பையன் வளர்ந்துவிடுவான், தெரிந்தும் அவனோடு இருக்கலாமா’. அந்தக் கேள்வி முதல் கேள்வியைவிடப் பெரியது. ‘குங்ஃபூ பாண்டா 2’-ஐயும் நான் அந்த வரிசையில் வைப்பேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். மறுபக்கம் ‘மோனா 2’, ஓடிடி தொடராக ஆரம்பித்ததைப் படமாக மாற்றி 2024 நவம்பரில் விட்டார்கள், பார்க்கும்போதே எங்கே எபிசோட் முடிகிறது என்று விரல் விட்டு எண்ணலாம். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில், மேல் பக்கமாகச் சாய்ந்து இருக்கிறது ‘இன்சைட் அவுட் 2’. கேள்வி புதிது, பெரியது. பாதைதான் பழையது.

அடுத்த வாரம் ஏற்காடு போனோம். அக்கா மகளுக்கு மலைப்பாதை என்றாலே ஆகாது, அடிவாரத்திலேயே முகம் வெளுத்துவிடும், கையில் எலுமிச்சம்பழத்தோடுதான் ஏறுவாள். பஸ் ஏழாவது வளைவைத் தாண்டியதும், "மாமா, ஆரஞ்சுக்காரி இன்னும் பதிமூணு வளைவையும் இப்பவே படம் வரைஞ்சுட்டா" என்றாள். அம்மாவுக்குப் புரியவில்லை, ஏற்காட்டு ஆரஞ்சுதான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, "மேல போய் வாங்கிக்கலாம் கண்ணு, இப்பத் தின்னா இன்னும் பொரட்டும்" என்றார். இவள் சிரித்த சிரிப்பில் எட்டாவது வளைவு போனதே தெரியவில்லை. மேலே போய் ‘லேடீஸ் சீட்’ என்கிற காட்சிமுனையில் உட்கார்ந்து கீழே சேலம் புகை மூட்டமாகத் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தோழிகள் ஹாஸ்டலுக்குப் போனதைப் பற்றி முதல் தடவையாக அவளாகவே பேசினாள். ரொம்ப நேரம் இல்லை. அப்புறம் மிளகாய் பஜ்ஜி வந்துவிட்டது. முதல் படம் பார்த்தபோது இவளுக்கு ஐந்து வயது, பிங் பாங் என்றால் உயிர். இப்போது கேட்டால் "அது சின்னப் பிள்ளைங்க படம் மாமா" என்கிறாள்.

தம்பி மகனுக்கு இரண்டாவது படத்தில் பிடித்தது ரைலியின் பழைய ரகசியங்களைப் பூட்டிவைத்திருக்கிற அறை மட்டும்தான். அதில் ரைலி குழந்தையாகப் பார்த்த கார்ட்டூன் நாய் ஒன்றும், பழைய வீடியோ கேம் வீரன் ஒருவனும் வருவார்கள், நாயைப் பழைய பாணியில் கையால் வரைந்த மாதிரியும், வீரனைப் பழைய கேமில் வருகிற மாதிரி விறைப்பாகவும் செய்திருப்பார்கள், அது நிஜமாகவே நல்ல வேடிக்கை. தண்டனைப் பெட்டிக் காட்சி வந்தபோது அவன் என் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டான், பயந்தான் என்று சொல்லமாட்டேன், அவனுக்கு அது இன்னும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில்: இரண்டு பேருக்கும் சேர்த்துக் காட்டலாம், ஏழு வயதுக்குக் கூடாதது எதுவும் அதில் இல்லை. ஆனால் மகளோடு தனியாக ஒருமுறை பாருங்கள், பையன் தூங்கியபிறகு. பார்க்கும்போது பக்கத்தில் இருந்தால் போதும், இடையில் நிறுத்தி ‘உனக்கும் இப்படி இருக்கா கண்ணு’ என்று கேட்டுவிடாதீர்கள், பன்னிரண்டு வயதில் அந்தக் கேள்விக்கு ‘இல்லையே’ என்ற ஒரே பதில்தான் வரும். அவளாகப் பேசினால் பேசுவாள், பஸ்ஸிலோ பஜ்ஜிக் கடையிலோ. வீட்டில் பார்ப்பதால் இன்டர்வெல் தொல்லை கிடையாது. பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் டிவியை அணைத்துவிடாதீர்கள், ரகசிய அறையில் முகத்தைக் காட்டாமல் ஒளிந்துகொண்டிருந்த அந்தக் கறுப்பு முக்காட்டுக்காரர் எல்லாம் ஓடி முடிந்தபிறகுதான் வாயைத் திறப்பார். தம்பி மகன் அதற்காகவே மூன்று தடவை பார்த்தான்.